ஏ மைனர் பென்டடோனிக் கைவசம் இருக்கிறது, ஆனால் சோலோ ஸ்கேல் மாதிரியே கேட்கிறது

புதுத்தந்தி எழுதியது:

கிட்டாரில் ஏ மைனர் பென்டடோனிக் (ஐந்து நோட்டு ஸ்கேல்) ஐந்து பொசிஷனும் பார்க்காமலே வாசிக்க வருகிறது. மெட்ரோனோம் 100-இல் அரை பீட் நோட்டுகள் தடங்கல் இல்லாமல் போகும். ஆனால் பேக்கிங் ட்ராக் (பின்னணி இசைப் பதிவு) போட்டுச் சொந்தமாக சோலோ எடுத்தால் மெட்டு என்று ஒன்று அமையவே மாட்டேன் என்கிறது. ஸ்கேலை மேலும் கீழும் ஓட்டுவது போலவே இருக்கிறது. தப்பான நோட்டு எதுவும் இல்லை, ஆனாலும் ஒரு வரிகூட மனசில் நிற்காது.

ட்ராக்கில் வரும் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் நோட்டுக் கூட்டங்கள்): ஏ மைனர், எஃப், சி, ஜி. ஒவ்வொன்றும் ஒரு பார், பாருக்கு நாலு பீட், வேகம் நிமிடத்துக்கு 75 பீட். எலெக்ட்ரிக் கிட்டார், 9-42 தந்தி (மெல்லிய செட்).

அடுத்து எதைக் கற்பது? மோட்ஸா (ஒரே ஸ்கேலை வேறு நோட்டிலிருந்து தொடங்கும் வடிவங்கள்), ஆர்பெஜியோவா (கார்டின் நோட்டுகளை ஒவ்வொன்றாக வாசிப்பது), நிறைய லிக்குகளா (தயாராக உள்ள சிறு வரிகள்)? "முதலில் பாடு, பிறகு வாசி" என்று எல்லோரும் சொல்கிறார்கள். பாடினால் நன்றாகத்தான் வருகிறது, விரலுக்கு வருவதில்லை. அதற்கென்று தனிப் பயிற்சி உண்டா? தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும்.

---

மெட்டுக்கயிறு எழுதியது:

தப்பான நோட்டு எதுவும் இல்லை என்கிறீர்களே, சிக்கலே அதில்தான் இருக்கிறது. ஏ மைனர் பென்டடோனிக்கில் இருப்பவை ஏ, சி, டி, இ, ஜி. இந்த ஐந்தும் நாலு கார்டுக்கும் ஓரளவு ஒத்துப்போகும். அதனால் கார்டு எப்போது மாறுகிறது என்று கவனிக்காமலே வாசித்துவிட முடிகிறது. அடியில் இசை நகர்கிறது, மேலே சோலோ நின்ற இடத்திலேயே சுற்றுகிறது.

கார்டுகளைப் பிரித்துப் பாருங்கள். ஏ மைனரில் ஏ, சி, இ. எஃப் கார்டில் எஃப், ஏ, சி. சி கார்டில் சி, இ, ஜி. ஜி கார்டில் ஜி, பி, டி. இவற்றில் எஃப் நோட்டும் பி நோட்டும் உங்கள் பென்டடோனிக்கில் இல்லை. எஃப் கார்டின் வேரே (கார்டுக்குப் பெயர் தரும் அடிப்படை நோட்டு) அந்த எஃப் நோட்டுதான். ஜி கார்டை மேஜர் என்று காதுக்குக் காட்டுவது பி. கார்டு மாறியதை உரக்கச் சொல்லக்கூடிய இரண்டு நோட்டையும் விட்டுவிட்டு வாசிக்கிறீர்கள்.

ஆகவே மோட்ஸ் இப்போது வேண்டாம், புது லிக்கும் வேண்டாம். 5ஆம் ஃப்ரெட் பாக்ஸில் (5ஆம் ஃப்ரெட்டை ஒட்டிக் கை நிற்கும் பொசிஷனில்) இரண்டே இரண்டு நோட்டைச் சேருங்கள். இனி முதல் எண் தந்தி (மெல்லிய தந்தி 1), இரண்டாம் எண் ஃப்ரெட் (நெக்கின் குறுக்குக் கம்பிகள் பிரிக்கும் கட்டம்) என்று எழுதுகிறேன். எஃப் நோட்டு 2-6. பி நோட்டு 3-4.

இப்போது பயிற்சி. ஒரு பாருக்கு ஒரே ஒரு நோட்டு, முதல் பீட்டில் அடித்து நாலு பீட்டும் பிடித்து வையுங்கள். 2-5, 2-6, 2-5, 2-3. அதாவது இ, எஃப், இ, டி. ஒரு சுற்று 12.8 விநாடிதான். முதல் நோட்டுக்கும் இரண்டாவதுக்கும் ஒரே ஒரு ஃப்ரெட் வித்தியாசம், ஆனால் எஃப் கார்டு விழும்போது அந்த ஒரு ஃப்ரெட் நகர்வில் சோலோ கார்டோடு சேர்ந்து திரும்புவது தெளிவாகக் கேட்கும்.

அது பழகியதும் அடுத்த இழை (இப்படிப் பாருக்கு ஒரு நோட்டாகப் போகும் வரி): 3-5, 3-5, 3-5, 3-4. முதல் மூன்று பாரிலும் அதே சி நோட்டுதான். ஏழு நோட்டு வரிசையில் வேரிலிருந்து எண்ணினால் ஏ மைனரில் அது மூன்றாவது, எஃப் கார்டில் ஐந்தாவது, சி கார்டில் வேர். விரலை அசைக்காமல் பிடித்துக்கொண்டு கேளுங்கள்: நோட்டு மாறவில்லை, அதன் நிறம் மூன்று முறை மாறுகிறது. நாலாவது பாரில் ஒரு ஃப்ரெட் இறங்கி பி. என்னைக் கேட்டால் இந்த நாலு பாரில் கிடைக்கும் பாடம் எந்த மோட் அட்டவணையிலும் கிடைக்காது. மூன்றாவது இழை 4-7, 4-7, 4-5, 4-5. மூன்று இழையையும் ஒன்றாக அடுக்கினால் அந்த நாலு கார்டும் முழுதாக வந்துவிடும், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பிறகுதான் மெட்டு. இறங்கும் நோட்டை (வரி வந்து நிற்கும் நோட்டை) முதல் பீட்டில் வைத்து, அதற்கு முந்தைய பாரின் நாலாவது பீட்டில் இரண்டு அரை பீட் நோட்டுகளைச் சேருங்கள். இப்படி:

ஏ மைனருக்கு: 3-5, 3-7, இறங்குவது 2-5
எஃப் கார்டுக்கு: 3-5, 3-7, இறங்குவது 2-6
சி கார்டுக்கு: 3-5, 3-7, இறங்குவது 2-8
ஜி கார்டுக்கு: 3-7, 3-5, இறங்குவது 3-4

முதல் மூன்று வரியில் தொடக்கம் ஒன்றே, முடிவு மட்டும் இ, எஃப், ஜி என்று ஏறுகிறது. நாலாவது திசை திரும்பி இறங்குகிறது. மொத்தம் ஆறு நோட்டுதான் பயன்பட்டிருக்கிறது, ஆனாலும் ஒருமுறை கேட்டால் திருப்பிப் பாட முடியும். இதை மனப்பாடம் செய்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். இறங்கும் நோட்டுகளை அப்படியே வைத்துக்கொண்டு, முன்னால் வரும் இரண்டு நோட்டை மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் மாற்றுங்கள். இம்ப்ரொவைஸ் செய்வது இங்கேதான் தொடங்குகிறது.

வழக்கமாகத் தவறுவது ஒன்று: கார்டு மாறிய ஒலியைக் கேட்ட பிறகு கை நகர ஆரம்பிக்கும், நோட்டு கால் பீட் தாமதமாக விழும். மூன்றாவது பீட்டிலேயே அடுத்த கார்டு எது, அதில் எந்த நோட்டு என்று முடிவாகியிருக்க வேண்டும். முடியவில்லை என்றால் வேகத்தை 60-க்கு இறக்குங்கள். அல்லது ஒவ்வொரு கார்டையும் இரண்டு பாராக லூப்பரில் (பதிந்ததைத் திரும்பத் திரும்ப ஒலிக்கும் கருவி) பதிந்து கொள்ளுங்கள்.

---

தாளக்கட்டு எழுதியது:

மேலே சொன்னது சரிதான், மறுக்கல. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு படி இருக்குன்னு நினைக்கிறேன். நீங்க சொன்னதுலயே விஷயம் இருக்கு: "அரை பீட் நோட்டுகள் தடங்கல் இல்லாமல் போகும்." ஸ்கேலை மெட்ரோனோமோட அரை பீட்டா ஓட்டியே பழகின கை, சோலோவுலயும் அதைத்தான் செய்யும். எந்த நோட்டுல இறங்கினாலும் சரி, இடைவெளியே இல்லாம எட்டு எட்டா ஓடினா அது மெட்டாகாது.

மூணே மூணு நோட்டு எடுத்துக்கோங்க: 3-5, 3-7, 2-5. பத்து நிமிஷம் வேற எதையும் தொடக்கூடாது. நோட்டுல மாற்றம் செய்ய வழியில்லைன்னா தாளத்துலதான் மாற்றம் செய்யணும், வேற வழி இருக்காது. ஒரு நோட்டை மூணு பீட் நீட்டுங்க, அடுத்ததை கால் பீட்ல வெட்டுங்க, ஒரே நோட்டை மூணு தடவை அடிங்க. சலிப்பு வர்ற நேரத்துலதான் புதுசா ஏதாவது தோணும், அதனால நடுவுல விட்டுடாதீங்க.

அடுத்து, ரெண்டு பார் வாசிங்க, ரெண்டு பார் சும்மா இருங்க. சும்மா இருக்கிற ரெண்டு பார்லயும் காலால தாளம் தட்டி எட்டு பீட்டையும் எண்ணணும். நிறைய பேருக்கு ஆறாவது பீட்லயே கை பரபரக்கும், உள்ள புகுந்துடுவாங்க. அந்த ரெண்டு பார்லதான் நீங்க வாசிச்ச வரி கேக்கிறவங்க மனசுல போய் உக்காரும். அதை நீங்களே மூடிடாதீங்க.

வரியை எங்க ஆரம்பிக்கிறதுங்கறதும் முக்கியம். எல்லா வரியும் முதல் பீட்ல ஆரம்பிச்சா பள்ளிக்கூடப் பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருக்கும். ஒரு முழு சுற்றுக்கு ரெண்டாவது பீட்ல மட்டும் ஆரம்பிங்க. அடுத்த சுற்றுக்கு முதல் பீட்டுக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல. அதே மூணு நோட்டு வேற பாட்டு மாதிரி கேக்கும். மெட்ரோனோமை 2, 4 பீட்ல மட்டும் ஒலிக்க விட்டுப் பழகினா இது சீக்கிரம் வசப்படும்.

மூச்சையும் கூட்டு சேத்துக்கோங்க. வாசிக்க ஆரம்பிக்கும்போது மூச்சை விட ஆரம்பிங்க, மூச்சு தீந்ததும் கையை நிறுத்துங்க. பாடகருக்கும் குழல் வாசிக்கிறவருக்கும் உடம்பே இடைவெளி வெச்சுக் கொடுக்குது. கிட்டார்ல அது கிடையாது, நாமதான் வெக்கணும்.

இன்னொன்னு: பயிற்சியில டிலே (எதிரொலி), ரிவர்ப் (முழக்கம்) எஃபெக்ட் ரெண்டையும் அணைச்சுடுங்க. டிலே போட்டா எதிரொலி வந்து இடைவெளியை நிரப்பிடும், நோட்டு தள்ளி விழுந்ததும் தெரியாது. சுத்தமா வாசிக்க வந்த பிறகு போட்டுக்கலாம். அப்போ 60,000-ஐ வேகத்தால வகுங்க. 75-க்கு ஒரு பீட் 800 மில்லிசெகண்ட், அரை பீட் 400. ரெண்டுல ஒண்ணு வெச்சா எதிரொலி தாளத்தோட உக்காரும். குத்துமதிப்பா 500-ன்னு வெச்சா உங்க வரியே உங்களோட சண்டை போடும்.

---

காதுவழி எழுதியது:

"பாடினால் வருகிறது, விரலுக்கு வருவதில்லை" என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

பாக்ஸில் வாசிக்கும்போது சுருதி ஏறுவதும் கை நகர்வதும் ஒரே திசையில் இருக்காது. ஒரு நோட்டு மேலே போக சில நேரம் ஃப்ரெட் ஏறும், சில நேரம் தந்தி மாறி ஃப்ரெட் இறங்கும். குரலில் அந்தக் குழப்பம் கிடையாது. எனவே கொஞ்ச நாளைக்குப் பாக்ஸை மறந்துவிட்டு இரண்டாம் தந்தி ஒன்றில் மட்டும் வாசியுங்கள். ஃப்ரெட்டுகள் 1, 3, 5, 6, 8, 10, 12, 13. நோட்டுகள் முறையே சி, டி, இ, எஃப், ஜி, ஏ, பி, சி. ஏறினால் வலது பக்கம், இறங்கினால் இடது பக்கம், அவ்வளவுதான். குரல் எவ்வளவு தாவியதோ அவ்வளவு தூரம் கை தாவுவதைக் கண்ணால் பார்க்கலாம். (இடது கைக்காரர் என்றால் திசை மாறும்.)

ஐந்தாம் தந்தியைத் திறந்தபடி ஒருமுறை மீட்டிவிடுங்கள், அதுதான் ஏ, உங்கள் சுருதி. அதன் மேல் மூன்று நோட்டு கொண்ட ஒரு வரியைப் பாடுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம். கடைசி நோட்டைக் குரலிலேயே நீட்டிப் பிடித்தபடி அதை மட்டும் தந்தியில் தேடுங்கள். கிடைத்ததும் அதிலிருந்து பின்னோக்கி மற்ற இரண்டையும் கண்டுபிடியுங்கள். முதல் நோட்டிலிருந்து தேடினால் கடைசிக்கு வருவதற்குள் பாடியது மறந்துபோகும், விரல் தனக்குப் பழகிய வழியில் போய்விடும். அப்படி விரல் வேறு எதையோ வாசித்து "இதுவும் நன்றாகத்தானே இருக்கிறது" என்று தோன்றினால் ஏற்காதீர்கள். பாடியதுதான் கணக்கு.

கர்நாடக சங்கீதம் கேட்ட காது உங்களுக்கு இருந்தால் ஒரு வசதியும் உண்டு, ஒரு பொறியும் உண்டு. ஏ-யை ச என்று வைத்தால் உங்கள் பென்டடோனிக் சுத்த தன்யாசியின் ஸ்வரங்கள்தான்: ச, க, ம, ப, நி. எஃப், பி இரண்டையும் சேர்த்தால் நடபைரவி. ஸ்வரமாகப் பாடிப் பழகியவருக்கு நோட்டைப் பிடிப்பது சுலபம். பொறி என்னவென்றால், ராகத்தில் ச எப்போதும் இறங்கி நிற்கும் இடம். இங்கே அடியில் கார்டு மாறிக்கொண்டே இருப்பதால் அது செல்லாது. ஜி கார்டில் ஏ நோட்டு கிடையாது. ஜி ஒலிக்கும்போது ச-வில் வந்து நின்றால் முடிந்த மாதிரி இருக்காது, அந்தரத்தில் தொங்கும். அந்தத் தொங்கலும் சில இடத்தில் அழகுதான், ஆனால் தெரிந்து செய்ய வேண்டும்.

காதால் எடுத்துப் பழகுவதற்கு கிட்டார் சோலோக்களைவிடப் பாடகர் பாடும் பல்லவியே முதலில் நல்லது. நாலு பார் போதும். யூடியூபில் வேகத்தை 0.75 என்று வைத்தால் சுருதி மாறாது. கிட்டாரைத் தொடுவதற்கு முன் தவறில்லாமல் பாட வரவேண்டும். எடுத்து முடித்ததும், ஒவ்வொரு வரியும் எந்தக் கார்டின் எந்த நோட்டில் நிற்கிறது என்று எழுதுங்கள். மெட்டுக்கயிறு சொன்ன விஷயம் அப்போது காதுக்கே விளங்கும்.

---

புதுத்தந்தி எழுதியது:

மூவருக்கும் நன்றி. 2-5, 2-6, 2-5, 2-3 வாசித்ததும் வித்தியாசம் உடனே கேட்கிறது. இரண்டு சந்தேகம் வந்திருக்கிறது.

ஒன்று, எஃப் கார்டில் 2-6 அருமையாக இருக்கிறது, ஆனால் அதையே சி கார்டு வரைக்கும் நீட்டினால் உறுத்துகிறது. ஸ்கேலில் உள்ள நோட்டுதானே?

இரண்டு, 2-5க்கு நேராகப் போகாமல் 3-7ஐ பெண்ட் செய்து (தந்தியைத் தள்ளிச் சுருதி ஏற்றி) போனால் பாடுவது போல் இருக்கும் என்று முயன்றேன். சுருதி சேரவில்லை, கூடவே பக்கத்துத் தந்தியும் இரைகிறது.

---

வளைவிரல் எழுதியது:

பெண்டுக்கு நான் சொல்கிறேன்.

3-7 டி நோட்டு. இரண்டு ஃப்ரெட் அளவு ஏற்றினால் இ, அதாவது 2-5இல் உள்ள அதே நோட்டு. முதலில் 2-5ஐ அடித்துக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு 3-7ஐ ஏற்றுங்கள், மறுபடி 2-5ஐ அடித்து ஒப்பிடுங்கள். உங்கள் கிட்டாரில் மிதக்கும் ட்ரெமோலோ பிரிட்ஜ் (ஸ்ப்ரிங்கில் நின்று அசையும் தந்தித் தாங்கி) இருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் ஒலிக்கவிட்டு ஒப்பிடாதீர்கள். ஒரு தந்தியை ஏற்றும்போது பிரிட்ஜ் சற்று முன்னால் சாய்ந்து மற்ற தந்திகளின் சுருதி இறங்கிவிடும். சரியாக ஏற்றினாலும் சேராத மாதிரி கேட்கும்.

ஏற்றுவது மோதிர விரல் மட்டும் அல்ல. அதன் பின்னால் நடுவிரலும் ஆள்காட்டி விரலும் அதே தந்தியில் இருக்க வேண்டும், மூன்றும் சேர்ந்து தள்ள வேண்டும். கட்டைவிரல் நெக்கின் மேல் விளிம்பைத் தாண்டி வந்து பிடிமானம் கொடுக்கும். அசைவு மணிக்கட்டின் சுழற்சியில் வரவேண்டும், விரல் மூட்டுகளை நீட்டி மடக்கித் தள்ளினால் பாதி வழியில் பலம் தீர்ந்துவிடும். பெரும்பாலும் சுருதி குறைவாக நிற்பதற்குக் காரணம் அதுதான். 9-42இல் அளவு தாண்டிப் போகவும் வாய்ப்பு உண்டு, தந்தி இளகலாக இருக்கும்.

இரைச்சல் நாலாம் தந்தியிலிருந்து வரும். மூன்றாம் தந்தியை மேல்நோக்கித் தள்ளும்போது விரல் நுனி நாலாவதையும் தொட்டு இழுக்கிறது, இறக்கும்போது அது விடுபட்டு ஒலிக்கிறது. பிக் பிடித்த கையின் உள்ளங்கை ஓரத்தை 4, 5, 6 தந்திகள் மேல் லேசாக வைத்திருங்கள். 1, 2 தந்திகளை ஆள்காட்டி விரலின் அடிப்பக்கம் சாய்ந்து மூடிக்கொள்ளும்.

ஏற்றிய நோட்டு எப்போது சேருமிடம் சேர்கிறது என்பதும் கணக்கு. முதல் பீட்டில் இ ஒலிக்க வேண்டும் என்றால் ஏற்றத்தை அதற்கு முன்பே தொடங்க வேண்டும். முதல் பீட்டில் ஏற்ற ஆரம்பித்தால் கார்டு விழும் நேரத்தில் டி தான் ஒலிக்கும்.

வைப்ரேட்டோவை (சுருதியை அசைப்பதை) உடனே ஆரம்பிக்காதீர்கள். ஒரு பீட் நேராக நிறுத்தி, பிறகு அசையுங்கள். முதலில் பீட்டுக்கு இரண்டு அசைவு, சீரானதும் நாலு. சாதாரண நோட்டில் சுருதி மேலே போய்த் திரும்பும். பெண்ட் செய்த நோட்டில் கொஞ்சம் இறக்கி மறுபடி அதே உயரத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பும்போது ஒவ்வொரு முறையும் முழு உயரம் தொடாவிட்டால் நோட்டு மெல்ல மெல்ல இறங்கிவிடும்.

மெட்டுக்கயிறு கொடுத்த முதல் இழையை ஒரே விரலில் பாட வைக்கவும் வழி இருக்கிறது. 2-5ஐ மோதிர விரலில் பிடித்து ஏ மைனர் முழுக்க நீட்டுங்கள். எஃப் கார்டு விழும் நேரத்தில் ஒரு ஃப்ரெட் அளவு மட்டும் ஏற்றுங்கள், இ எஃப் ஆகிவிடும். சி கார்டுக்கு இறக்கி விடுங்கள், மறுபடி இ. ஜி கார்டுக்கு 2-3இல் காத்திருக்கும் ஆள்காட்டி விரலுக்குப் புல்-ஆஃப் செய்யுங்கள் (மோதிர விரலைத் தந்தியைச் சுண்டியபடி எடுங்கள்), டி. ஒலி நீண்டு நிற்கும் கிட்டாராக இருந்தால் ஒரே அடியில் முதல் மூன்று நோட்டும் வந்துவிடும். அரை ஏற்றம்தான் முழு ஏற்றத்தைவிடக் கடினம், எங்கே நிறுத்துவது என்று கை தடுமாறும். 2-6ஐத் தனியாக அடித்துச் சரிபார்த்துக்கொண்டே இருங்கள்.

அகூஸ்டிக்கில் முயல்பவர்களுக்கு ஒரு குறிப்பு: 12-53 என்ற தடித்த செட்டில் மூன்றாம் தந்தி சுற்றுக்கம்பி, அதில் முழு ஏற்றம் விரலை வருத்தும். அங்கே 3-7ஐ ஏற்றாமல் 3-9க்கு ஸ்லைடு செய்யுங்கள் (விரலை எடுக்காமல் நகர்த்துங்கள்), அதே இ நோட்டு.

---

மெட்டுக்கயிறு எழுதியது:

எஃப் உறுத்தியது ஏன் என்றால், சி கார்டின் உள்ளே இ நோட்டு ஒலித்துக்கொண்டிருக்கிறது. எஃப் அதற்கு ஒரு ஃப்ரெட் மேலே. இரண்டும் உரசுகின்றன. ஸ்கேலில் இருப்பது வேறு, கார்டின் மேல் நிற்க இடம் இருப்பது வேறு. போகிற போக்கில் அரை பீட் தொட்டுவிட்டுப் போனால் ஒன்றும் ஆகாது, நிற்கத்தான் கூடாது. ஜி கார்டின் மேல் சி நோட்டுக்கும் இதே கதைதான், அங்கே பி இருக்கிறது.

ஆனால் அந்த உரசலை ஒதுக்கிவிடாதீர்கள். எஃப் நோட்டை சி கார்டின் முதல் பீட் முழுக்க வேண்டுமென்றே நீட்டி, இரண்டாவது பீட்டில் 2-5க்கு இறக்குங்கள். ஜி கார்டில் 3-5ஐ இரண்டு பீட் பிடித்து மூன்றாவதில் 3-4க்கு இறக்குங்கள். உறுத்திய அதே நோட்டு இப்போது ஏக்கமாகக் கேட்கும். கேட்பவர் காது அடுத்த நோட்டை எதிர்பார்க்கிறது, நீங்கள் ஒரு பீட் கழித்துக் கொடுக்கிறீர்கள். இதே வழியில், தெரியாமல் ஸ்கேலுக்கு வெளியே ஒரு நோட்டில் விழுந்துவிட்டாலும் பதறி நிறுத்த வேண்டாம், ஒரு ஃப்ரெட் தள்ளி இரண்டு பக்கமும் ஸ்கேல் நோட்டு இருக்கும். அங்கே ஸ்லைடு செய்துவிடலாம்.

ஒரு மணி நேரத்தை இப்படிப் பிரிக்கலாம். மூன்று இழைகளுக்கு 10 நிமிடம், தாளக்கட்டு சொன்ன மூன்று நோட்டுப் பயிற்சி 10, ஒற்றைத் தந்தியில் பாடித் தேடுவது 15, பெண்டும் வைப்ரேட்டோவும் 10. மீதி 15 நிமிடம் ட்ராக்கோடு சோலோ, அதைப் போனில் பதிவு செய்யுங்கள். உடனே கேட்காதீர்கள், மறுநாள் கேளுங்கள். வாசித்த சூட்டில் கேட்டால் கை செய்தது நினைவிருக்கும், காதுக்கு வந்தது தெரியாது.

இது கைவந்ததும் இ மைனர், சி, ஜி, டி என்று மாற்றுங்கள். முதல் இழை அங்கே 2-12, 2-13, 2-12, 2-10. அதுவும் பழகியதும் கார்டு வரிசையைக் கலைத்துப் போடுங்கள்: எஃப், ஜி, ஏ மைனர் இரண்டு பார். இதற்கு 3-5, 3-4, 3-5 சரியாக விழும். மற்ற இரண்டு இழையையும் நீங்களே கண்டுபிடித்து இங்கே எழுதுங்கள், சரிபார்த்துச் சொல்கிறேன்.